தௌஃபா வீட்டுக்கு யார் போவது

நுக்குஅலோஃபா
ஏப்ரல் 2

அன்புள்ள லோசாலினே அக்கா,

சர்க்கரை பார்க்கும் பட்டைகள் கப்பலில் வருகின்றன. அந்தப் பெட்டிக்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் செருகிவிட்டேன். போன் செய்தால் நீங்கள் பள்ளிக்கூட மேட்டில் ஏறி நின்று கத்த வேண்டும், பாதி ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கு இது மேல்.

சந்தோஷமான செய்தி. ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாக நீங்களும் சுலியா அக்காவும் அனுப்பிய மூன்று மாதக் குறிப்பேடுகள் வந்துவிட்டன. உங்கள் மோத்துலோவாத் தீவில் சர்க்கரை நோய் உள்ள முப்பத்தொரு பேருக்கும் வாராவாரம் கால் பார்த்தாகிவிட்டது. ஒருவர் விடுபடவில்லை! எங்கள் நர்சிங் கல்லூரி மாணவர்கள் போன மற்ற தீவுகளில் பாதிகூடத் தேறவில்லை. எங்கள் ஆசிரியை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகக் காட்டிவிட்டு வந்தார்.

ஞாபகம் இருக்கிறதா, நவம்பரில் நாங்கள் ஆறு பேரும் வந்து இறங்கியபோது நீங்கள் தென்முனை வீடுகளுக்கும், சுலியா அக்கா வடமுனை வீடுகளுக்கும் நடந்துகொண்டிருந்தீர்கள். உங்கள் வீடு வடக்கே, அவர் வீடு தெற்கே. வேகிற வெயிலில் ஆளுக்கு ஒரு மணி நேரம். நடு வழியில் ஒருவரையொருவர் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போவீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரைபடத்தை விரித்து, அவரவர் பக்கத்து வீடுகளை அவரவருக்கே பிரித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். நம் டோங்காவில் இங்கே தலைநகரில் இருப்பவர்களுக்குக் கால் பிழைக்கிறது, வெளித்தீவுக்காரர்களுக்குப் போகிறது என்பதை மாற்றத்தானே இத்தனை பேர் அலைகிறோம். ஒரு பட்டியலை மாற்றினாலே இவ்வளவு நடக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மே ஒன்பதாம் தேதி இங்கே பெரிய கூட்டம். மோத்துலோவாவைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் ஒருவருடைய காலைப் பார்ப்பது போல ஒரு போட்டோ வேண்டும். பக்கத்து வீட்டு தௌஃபாவே போதும், வேலி தாண்டினால் அவர் வீடுதானே.

அன்புடன்,
தெமலேத்தி


மோத்துலோவா
ஏப்ரல் 4

தெமலேத்தி,

பட்டை வந்துச்சு. அறுபது கேட்டேன், நாற்பது இருக்கு. பழைய ஊசியைப் போடுற பெட்டி வரவே இல்ல.

போட்டோ இல்ல. எடுக்கவும் முடியாது. பக்கத்து வீட்டு ஆளைப் பத்தி என்கிட்ட கேக்காதே.

கூட்டத்துல பேசறதுக்கு மோத்துலோவாவைத் தவிர வேற ஊர் கிடைக்கலயா உனக்கு?

லோசாலினே


நுக்குஅலோஃபா
ஏப்ரல் 9

லோசாலினே அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. எங்களுக்கு ஆறு வாரம் சேம்பிலையும் மீனும் சமைத்துப் போட்டவரா இப்படி எழுதுகிறார் என்று மனது சங்கடப்பட்டது.

அதனால் குறிப்பேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சொல்வதற்கு எனக்குக் கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்ற வீடுகளில் எல்லாம் நீங்கள் விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். இடது கட்டைவிரலில் வெடிப்பு, செருப்பு இறுக்கம், நகம் உள்ளே வளர்கிறது என்று. தௌஃபாவின் பக்கத்தில் மட்டும் பதின்மூன்று வாரமும் ஒரே சொல். நலம், நலம், நலம். சர்க்கரை அளவு ஒரு வாரம்கூட இல்லை. ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது போல ஒரே பேனா.

போன வாரம் உங்கள் ஊரிலிருந்து வந்த ஒருவரைத் துறைமுகத்தில் பார்த்தேன். தௌஃபா ஒரு மாதமாகத் தேவாலயத்துக்கே வரவில்லை, ஆண்கள் கூடிக் காவா பானம் குடிக்கிற இடத்திலும் காணோம் என்றார்.

நேராகவே கேட்கிறேன். அவர் காலை நீங்கள் ஒரு தடவையாவது பார்த்தீர்களா? பார்க்காமல் எழுதினீர்கள் என்றால் அது வெறும் கண்துடைப்பு இல்லையா? அந்தக் காலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

தெமலேத்தி


மோத்துலோவா
ஏப்ரல் 11

தெமலேத்தி,

கேட்டுட்ட இல்ல? சொல்றேன், கேட்டுக்கோ.

தௌஃபா என் கூடப்பிறந்த தம்பி. கல்யாணம் ஆனதும் என் பேரு மாறிப்போச்சு, அதனால உன் பட்டியல்ல அவன் யாரோ, நான் யாரோ. நீயும் டோங்காக்காரிதானே? அக்காவும் தம்பியும் எப்படி நடந்துக்கணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலயா? அவனுக்குப் பதிமூணு வயசானதுல இருந்து நாங்க ஒரே கூரைக்கு அடியில படுத்ததில்ல. அவன் முன்னாடி யாராவது அசிங்கமா ஒரு சொல்லு பேசினா, நான் அங்க இருக்கேன்னு தெரிஞ்சா அவன் சண்டைக்குப் போவான். அவன் உடம்பைப் பத்தி நான் வாயைத் திறக்கக் கூடாது, என் உடம்பைப் பத்தி அவன் திறக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஆளோட பாதத்தை மடியில தூக்கி வச்சு விரலுக்கு நடுவுல பார்க்கச் சொல்லிட்டுப் போயிட்ட.

நானும் சுலியாவும் வெயில்ல நடந்தது புத்தி கெட்டுப்போயா? வடக்கே இருக்கற ஆம்பளைங்கள்ல முக்கால்வாசி எனக்குத் தம்பியும் அண்ணனும் முறை. தெற்கே அவளுக்கு அப்படி. அதனால அவ ஆளுங்களை நானும் என் ஆளுங்களை அவளும் பார்த்தோம். ஆறு வருஷமா. கையை ஆட்டிக்கிட்டுப் போனோம்னு சிரிப்பு வந்துச்சாம் உனக்கு.

அப்பவே ஏன் சொல்லலன்னு கேப்ப. ஊர்க்கூட்டத்துல உன் வரைபடத்தைச் சுவர்ல ஒட்டி, ஊர் அதிகாரி பேர் பேரா வாசிச்சார். தௌஃபா வீடு, லோசாலினேன்னு வாசிச்சப்ப அவன் எனக்கு மூணு வரிசை தள்ளி உக்காந்திருந்தான். நான் எழுந்து என்னன்னு சொல்லணும்? அவன் காது கேக்க அவன் காலைப் பத்தியா? ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தலையைக் குனிஞ்சு பாயைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. வந்த பிள்ளைங்க ஆறு வாரம் உழைச்சிருக்குங்க, போற நாள்ல மூக்கை அறுக்க வேண்டாம்னு. உங்களுக்கு விருந்து வச்சு, மாலை போட்டு, கப்பல் ஏத்தி விட்டோம்.

அப்புறம் சுலியாகிட்டப் போய் பழையபடி மாத்திக்கலாம்னேன். முத்திரை குத்தி வந்த பட்டியலாச்சே, மாத்தினா வேலை போயிடும்னு பயந்தா. நானும் ரொம்ப வற்புறுத்தல. ஒண்ணை மறைக்காம சொல்றேன், அந்த ஒரு மணி நேரம் நடக்காம இருந்தது என் முட்டிக்குச் சுகமாத்தான் இருந்துச்சு.

வாராவாரம் வேலிகிட்ட நின்னு அவன் பொண்டாட்டி லவினியாவைக் கேப்பேன். வீட்டுல எல்லாரும் எப்படி இருக்கீங்கம்பேன். நல்லா இருக்கோம்பா. அதை நலம்னு எழுதினேன். மார்ச் மாசம் வீட்டுக்கே போனேன், அவன் இல்லன்னு சொல்லிட்டா. இன்னொரு தடவை போனேன், அப்பவும் இல்லன்னா. என் மேல கோவம் போலன்னு அதுக்கப்புறம் நான் போகல.

போன வெள்ளிக்கிழமை தண்ணித் தொட்டிகிட்ட லவினியா என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. வீட்டுக்குள்ள நாத்தம் தாங்கலயாம். பவளப்பாறைத் திட்டுல மீன் பிடிக்கறப்ப கல்லு குத்தினது, ஜனவரியில. இலை வச்சுக் கட்டியே ஓட்டியிருக்கான். பக்கத்துப் பெரிய தீவு நர்ஸம்மா படகுல வந்து பார்த்துட்டுப் போனாங்க. ரெண்டு விரல் கறுத்துப் போச்சு, பத்து நாளுக்குள்ள தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா முட்டி வரைக்கும் எடுக்க வேண்டி வரும், அதுக்கும் மேல உயிருக்கே ஆபத்துன்னு சொன்னாங்க. அவன் வர மாட்டேங்கிறான். செத்தாலும் இங்கதான்னு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டானாம். ஊர் அதிகாரி போய்ச் சொன்னார், போதகர் போய்ச் சொன்னார். அசையல.

யார் பதில் சொல்றதுன்னு கேட்ட. நான்தான் சொல்லணும். பதிமூணு தடவை நலம்னு எழுதினது என் கை. ஆனா உன் வரைபடத்தை மட்டும் நான் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

லோசாலினே


நுக்குஅலோஃபா
ஏப்ரல் 16

அக்கா,

எனக்குச் சொல்லித் தராமல் இல்லை. எனக்கும் அண்ணன் இருக்கிறான், ஆக்லாந்தில். சின்ன வயதில் அவன் டிவி பார்க்கிற அறைக்குள் நான் நுழைந்தால் அவன் வெளியே போய்விடுவான். முறை எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. முப்பத்தொரு வீட்டுக்கும் போனேன். எத்தனை பேர் இருக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த வீடு பக்கம், எது தூரம் என்று நாற்பது கேள்வி கேட்டேன். யாருக்கு யார் என்ன முறை என்று ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை. காகிதத்தில் அதற்கு இடம் இல்லை. காகிதத்தைத் தயார் செய்ததும் நான்தான்.

உங்கள் வேலையைக் கண்துடைப்பு என்று எழுதினேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது, தெரியும்.

மன்னிப்பெல்லாம் அப்புறம். இப்போது அவர் கால். இங்கே அறுவை சிகிச்சை டாக்டரிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வந்து சேர்ந்தால் உடனே பார்க்கிறேன் என்றார். இந்த வியாழக்கிழமை கப்பலை விட்டால் அடுத்த கப்பல் வருவதற்குள் நர்ஸம்மா சொன்ன பத்து நாள் கடந்துவிடும்.

அக்கா, ஊரில் யார் சொல்லியும் கேட்காதவர் நீங்கள் சொன்னால் கேட்பார். தம்பி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அக்கா கேட்டதை மறுக்க முடியாது, அதுவும் நம் முறைதானே. ஒரே ஒரு முறை அவர் முன்னால் போய் நின்று, உன் கால் அழுகுகிறது, கப்பல் ஏறு என்று சொல்லிவிடுங்கள். கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார். கெஞ்சிக் கேட்கிறேன்.

தெமலேத்தி


மோத்துலோவா
ஏப்ரல் 18, புதன்

தெமலேத்தி,

இந்தக் கடிதத்தை உன் கையில கொடுக்கப்போறவன் தௌஃபாதான். கூட லவினியா வர்றா.

நீ எழுதின மாதிரி நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவன் முன்னாடி நின்னு நான் அந்தப் பேச்சை எடுத்திருந்தா, கால் பிழைச்சாலும் அவன் தலை நிமிர்ந்து ஊர்ல நடக்க மாட்டான். உனக்கு அவசரம். எனக்கும்தான் அவசரம், ஆனா எனக்கு அவனைத் தெரியும்.

நேத்து உன் கடிதம் வந்ததும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். காலையில என் பெட்டியில இருந்த பெரிய பாயை எடுத்தேன். எங்க அம்மா எனக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்தது, அவங்க ரெண்டு வருஷம் பின்னினது. அதுக்கு மேல மரியாதையா கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. அதைச் சுருட்டி எடுத்துக்கிட்டு அவன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். உள்ள போகல. லவினியாகிட்டப் பேசற மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரி சத்தமாச் சொன்னேன். "தலைநகர் ஆஸ்பத்திரியில அறுவை வார்டுக்குப் பொறுப்பா இருக்கற டாக்டருக்கு இந்தப் பாயைக் கொடுக்கணும். வேற யார்கிட்டயும் நம்பிக் கொடுக்க மாட்டேன். என் தம்பி கையாலதான் கொடுக்கணும். நாளைக்குக் கப்பல்."

ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் லவினியா உள்ள போய்ட்டு வந்து, சரின்னு சொல்றார் அக்கான்னா.

அவனுக்குத் தெரியாதா என்ன? எல்லாம் தெரியும். எனக்குத் தெரியும்னும் அவனுக்குத் தெரியும். ஆனா யாரும் எதையும் சொல்லல. அவன் அக்கா ஒரு வேலை சொன்னா, அவன் செய்யப் போறான், அவ்வளவுதான்.

துறைமுகத்துக்கு வண்டியோட வா. காலைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. என்ன விஷயமா வந்தீங்கன்னு கேளு, பாய் கொடுக்க வந்தேன்னு சொல்லுவான். அதுக்கு மேல கிளறாதே.

டாக்டர்கிட்ட நீ முதல்லயே சொல்லி வை, பாயை வாங்கிக்கட்டும். வேண்டாம்னு சொல்லிடாம பார்த்துக்கோ.

என்னால இன்னிக்கு உட்கார முடியல, நிக்க முடியல.

லோசாலினே


நுக்குஅலோஃபா
ஏப்ரல் 23

லோசாலினே அக்கா,

லவினியா அண்ணி இங்கிருந்து போன் செய்தால் உங்களுக்கு மேட்டில் கேட்கிறதோ இல்லையோ என்று இதையும் எழுதுகிறேன். தௌஃபா உயிரோடு இருக்கிறார். கால் இருக்கிறது, பாதத்தின் முன்பாதி மட்டும் போய்விட்டது. ஐந்து விரலும் போயின, குதிகால் தப்பித்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முட்டி வரை எடுத்திருப்பேன் என்றார் டாக்டர். கம்பு ஊன்றி நடப்பார், கொஞ்ச நாளில் செருப்பில் பஞ்சு வைத்து நடப்பார்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். கப்பலிலிருந்து நான்கு பேர் அவரைத் தூக்கி இறக்கினார்கள். பாயை அவர் கையிலிருந்து யாரும் வாங்கவில்லை, அவரே மடியில் வைத்திருந்தார். நீங்கள் சொன்னபடியே கேட்டேன். பாய் கொடுக்க வந்தேன் என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் படுக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். ஜுரம் நூற்றுமூன்று, ஆள் நடுங்குகிறார், பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பாயை வாங்கி, இதைப் பின்னியவருக்கு என் நன்றி என்று முறையாக ஒரு பேச்சே பேசினார். தௌஃபாவும் பதிலுக்குப் பேசினார். அது முடிந்த பிறகுதான் படுத்தார். அப்புறம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, எங்கே காட்டினார்களோ அங்கே கையெழுத்துப் போட்டார்.

அறுவைக்குப் பிறகு கட்டு மாற்றும்போது நான்தான் இருந்தேன். உங்களுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். சொன்னார். "பாய் பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சுன்னு அக்காவுக்கு எழுதும்மா." நான் வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். படிக்கிற பெண் வார்டில் அழலாமா என்று தலைமை நர்ஸ் திட்டினார்.

ஒன்பதாம் தேதிக் கூட்டத்தில் பேசத்தான் போகிறேன். முப்பத்தொரு பேருக்கும் கால் பார்த்தாகிவிட்டது என்று இல்லை. பட்டியலை நான் எப்படிப் போட்டேன், என்ன கேட்கவில்லை, அதனால் ஒரு பாதத்தில் பாதி போனது என்று. உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், என் பெயரைச் சொல்வேன். ஆசிரியைக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நல்ல முடிவு வந்த பிறகு ஏன் இப்படி என்கிறார். மற்ற தீவுகளிலும் அதே காகிதத்தைத்தானே கொண்டுபோகப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

புதுப் பட்டியல் நான் போடமாட்டேன். நீங்களும் சுலியா அக்காவும் போடுவதற்கு சுகாதார அலுவலகத்தில் முத்திரை வாங்கித் தருகிறேன். அது மட்டும் என் வேலை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

தெமலேத்தி


மோத்துலோவா
ஜூன் 13

தெமலேத்தி,

பதில் எழுத இத்தனை நாள் ஆச்சு. எழுத உட்காருவேன், எழுந்திடுவேன்.

கூட்டத்துல நீ பேசினதைச் சொன்னாங்க. பெரிய தீவு நர்ஸம்மா வந்திருந்தாங்களாம். நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, மூணு பேர் வந்து நீ பேசினதை எழுதின காகிதத்தை வாங்கிட்டுப் போனாங்கன்னாங்க. உன்னைத் திட்டணும்னு வச்சிருந்த பேச்செல்லாம் அதோட பாதி குறைஞ்சு போச்சு. மீதி பாதி இன்னும் இருக்கு, நேர்ல வா.

முத்திரை வந்துச்சு. புதுப் பட்டியலை நானும் சுலியாவும் போடல. போன மாசம் ஊர்க்கூட்டத்துல ஊர் அதிகாரியை விட்டு ஒவ்வொருத்தரையும் கேக்கச் சொன்னோம். உங்க வீட்டுக்கு யாரு வரணும்னு கேக்கல, யாரு வரக் கூடாதுன்னு கேட்டார். காலுன்னு ஒரு வார்த்தை யாரும் எடுக்கல. சிரிப்பும் கும்மாளமுமா ஒரு மணி நேரம் ஓடிச்சு. மாமியார் வரக் கூடாதுன்னு ஒருத்தன் சொன்னான், அதையும் எழுதிக்கோங்கன்னான், அவன் பொண்டாட்டி ஒரு அடி வச்சா. கடைசியில பார்த்தா பழைய பட்டியல்தான், ரெண்டு வீடு மட்டும் மாறிச்சு. நானும் சுலியாவும் மறுபடி வெயில்ல நடக்கறோம். முட்டி வலிக்குது. பொறுத்துக்கறேன்.

தௌஃபா ஊருக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. அவன் காலை சுலியா பாக்கறா. என்ன எழுதறான்னு நான் அவ குறிப்பேட்டைத் திறந்து பார்க்கறதில்ல. அவ முகத்தைப் பார்த்தாலே தெரியுது, ஆறிட்டு வருதுன்னு.

பாய் கொண்டுபோன நாள் தவிர நான் அவன் வீட்டுக்குப் போகாமதான் இருந்தேன். ரெண்டு தடவை இல்லன்னு சொல்லி அனுப்பினவன், கோவம் தீரட்டும்னு. நேத்து லவினியா வேலிகிட்ட வந்து, ஏன் அக்கா எங்க வீட்டுப் பக்கமே வர மாட்டேங்கறீங்கன்னு கேட்டா. நான் காரணத்தைச் சொன்னேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா. அவன் ரெண்டு தடவையும் உள்ள முன்னறையிலதான் இருந்திருக்கான். நான் உள்ள வந்தா அவன் எழுந்து பின்பக்கம் போகணும், அதுதானே மரியாதை. கால் ஊன முடியல, எழ முடியல. அக்கா வர்றப்ப படுத்துக் கிடக்கறதா, இல்லன்னு சொல்லுன்னு சொல்லியிருக்கான். அதைக் கோவம்னு நான் நினைச்சேன். மூணு மாசம், தெமலேத்தி. எனக்கு அது எங்க தோணும்?

இன்னிக்குக் காலையில போனேன். கிழங்கு அவிச்சது கொஞ்சம் எடுத்துக்கிட்டு, முன்கூட்டிச் சொல்லாம, வேலியைத் தாண்டி வாசல்ல நின்னு லவினியான்னு கூப்பிட்டேன். உள்ள ஏதோ நகர்ந்த சத்தம். கம்பு தரையில ஒரு தட்டு, ஒரு காலடி. மறுபடி கம்பு, மறுபடி காலடி. மெதுவா அறையைத் தாண்டி, பின்வாசல் படியில இறங்கி, வெளிய போயிட்டான்.

நான் உள்ள போய் உக்காந்தேன். லவினியா டீ போட்டுக் கொடுத்தா.

லோசாலினே